ஊசிக்கு முன் பம்ப்பைக் காட்டுங்கள்: கடும் ஆஸ்துமா கேள்வி-பதில்

எனக்கு 46 வயது. 12 வருடமாக இளைப்பு. இரண்டு பம்ப், மாத்திரை எல்லாம் எடுத்தும் வாரத்தில் நாலு ராத்திரி உட்கார்ந்தே விடிகிறது. ‘சிவியர் ஆஸ்துமா, இனி ஊசிதான்’ என்கிறார் மருத்துவர். சரிதானா? (வாசகி, கும்பகோணம்)

சரியாக இருக்கலாம். ஆனால் நீங்கள் என்னிடம் வந்திருந்தால், வீட்டில் எப்படி எடுப்பீர்களோ அப்படியே பம்ப்பை எடுத்துக் காட்டுங்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஸ்ப்ரே வகை என்றால் மூச்சை வெளியே விட்டுவிட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் குழாய் மாட்டினால் இன்னும் நல்லது. கேப்சூல் போடும் பொடி வகைக்கு நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பவர்கள் ஏராளம். அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேப்சூல் என்றால் விழுங்குவதுதானே? யாரும் இழுத்துக் காட்டவில்லை.

அதிக அளவு ஸ்டீராய்டு பம்ப்பும், கூடவே நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் ஒழுங்காக, சரியான முறையில் எடுத்து, தூண்டும் காரணங்களையும் சரிசெய்த பிறகும் அடங்காத ஆஸ்துமாவுக்குத்தான் ‘கடும் ஆஸ்துமா’ என்று பெயர். அடங்கியிருந்து, மருந்தைக் குறைத்ததும் திரும்புவதும் இதில் சேரும். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு அதிக மருந்து எடுத்தும் நோய் கட்டுப்படாமல் இருந்தது. முறையும் ஒழுங்கும் சரியாக இருந்தும் அடங்காதவர்கள் என்று சலித்துப் பார்த்தபோது 4 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

அடுத்த கேள்வி, இது ஆஸ்துமாதானா என்பது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்திருக்கிறீர்களா? விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு, முதல் ஒரு விநாடியில் ஊதும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. ஏற்கெனவே மருந்தில் இருப்பவருக்கு ஒரே சோதனையில் தெரியாமல் போகலாம். திரும்பவும் செய்ய வேண்டும். இதயம் பலவீனமானாலும் இரவில் இளைக்கும். பழைய காசநோய் விட்டுப்போன தழும்பு, குரல்வளை தவறான நேரத்தில் மூடிக்கொள்வது இவையும் ஆஸ்துமா வேஷம் போடும். அப்புறம், படுக்கையறையில் கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா?

என் மனைவிக்கு ராத்திரியில் இருமலும் வீசிங்கும். ரத்தத்தில் ஈசினோஃபில் 4,200. இது எந்த வகை ஆஸ்துமா? (வாசகர், கடலூர்)

ஈசினோஃபில் என்பது ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் கூடும் வெள்ளை அணு. இந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு ஆஸ்துமாவுக்கு முன் யானைக்கால் புழு நினைவுக்கு வருகிறது. கால் வீங்காமலேயே, புழுவின் நுண்குஞ்சுகளுக்கு எதிராக நுரையீரல் கொதித்தெழுவதால் வரும் இருமல் இது. 1940-லேயே மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனை மருத்துவர்கள் எழுதி வைத்த நோய். நம் ஊருக்குப் புதிதல்ல. ஈசினோஃபில் 3,000-ஐத் தாண்டுவது இதன் அடையாளங்களில் ஒன்று. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை 3 வாரம் கொடுத்தாலே பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். இதை ஆஸ்துமா என்று வருடக்கணக்கில் பம்ப் கொடுத்தால் யாருக்கு லாபம்?

அது இல்லையென்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமைக்கான ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்) சோதனை வேண்டும். கால் மரத்துப்போவது, தோலில் தடிப்பு இருந்தால் ரத்தக்குழாய் அழற்சியையும் யோசிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மூச்சு முட்டும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் பிரட்னிசலோன் வாங்கிக்கொள்கிறேன். 5 நாளில் சரியாகிவிடுகிறது. தப்பா? (வாசகர், திருப்பூர்)

பிரட்னிசலோன் ஸ்டீராய்டு மாத்திரை. மருந்து தப்பில்லை, அந்த ‘போதெல்லாம்’தான் தப்பு. ஒரு தடவைக்குத் தினமும் 40 மில்லிகிராம் வீதம் 5 நாள் என்றால் 200 மில்லிகிராம். வருடத்துக்கு 5 தடவை என்றால் 1 கிராம். ஆயுள் முழுக்கக் கூட்டி 1 கிராமைத் தாண்டினாலே சர்க்கரை, கண்புரை, எலும்புத் தேய்மானத்துக்கான வாய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தக் கணக்கில் நீங்கள் அதை ஒரே வருடத்தில் எட்டிவிடுவீர்கள். வருடத்தில் இரண்டு தடவை தேவைப்பட்டாலே நோய் கட்டுக்குள் இல்லை என்றுதான் அர்த்தம். எத்தனை தடவை என்று தேதியோடு எழுதி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். மாதக்கணக்கில் தினமும் எடுப்பவர் மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும்.

புது ஊசிகள் பற்றிச் சொல்லுங்கள். ஆயுசுக்கும் போட வேண்டுமா? (வாசகி, சேலம்)

முதல் கேள்வியில் வந்த ஊசிகள் இவைதான். இவற்றில் ஓமலிசுமாப் பழையது, அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்றது. ஒவ்வாமை வகைக்கு, எடையையும் ஐஜிஇ அளவையும் பார்த்து 2 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை. ஈசினோஃபில் வகைக்கு மெபோலிசுமாப் 4 வாரத்துக்கு ஒரு முறை. பென்ராலிசுமாப் முதல் மூன்று ஊசிக்குப் பின் 8 வாரத்துக்கு ஒரு முறை. குறைந்தது 4 மாதம் போட்டுப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்தலாம் அல்லது மாற்றலாம். பலன் இருந்தால் வருடக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். விலை கனம், அதனால்தான் முதல் பதிலில் அவ்வளவு நீட்டினேன். ஊசி போட்டாலும் பம்ப்பை விடக் கூடாது. பிரட்னிசலோன் எடுக்கும்போது ரத்தம் கொடுத்தால் ஈசினோஃபில் குறைந்து தெரியும். நீங்கள் ஊசிக்குத் தகுதியில்லாதவர் மாதிரி தோன்றிவிடும்.

ஆஸ்துமாவுக்கென்று உயிர்மீனோடு விழுங்கத் தரும் ஹைதராபாத் மீன் மருந்துக்குப் போகலாமா? (வாசகர், வேலூர்)

பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. போயே தீருவேன் என்றால் பம்ப்பை நிறுத்தாதீர்கள்; கூட்ட நெரிசலில் அது பையில் இருக்கட்டும்.

ராத்திரி மோசமானால் எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது? (வாசகி, மதுரை)

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 92-க்குக் கீழ் காட்டுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. வண்டி வரும்வரை, உடனே மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் பம்ப்பை ஸ்பேசர் வைத்து, ஒவ்வொரு அழுத்தாக, 4 முதல் 10 தடவை. 20 நிமிடத்துக்குப் பிறகு திரும்பவும். வீட்டு நெபுலைசரை நம்பி விடியட்டும் என்று காத்திருந்து தாமதமாக வந்தவர்கள்தான் என் மனதை விட்டுப் போகாதவர்கள். இன்னொன்று: இளைத்துக்கொண்டிருந்தவருக்கு விசில் சத்தம் நின்று, ஆள் சோர்ந்து தூங்கி வழிந்தால், குணமாகிவிட்டது என்று போர்வை போர்த்தாதீர்கள். சத்தம் வருமளவுக்குக் கூடக் காற்று போகவில்லை.