அந்தப் பையனை ஏன் நடுவுல நிறுத்தினீங்க?

கேள்வி: பல மொழி, பல பண்பாட்டுக் குடும்பங்கள்ல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு நான் டீச்சர். எல்லா மொழியிலயும் வணக்கம் சொல்லக் கத்துக்கிட்டேன், எல்லாரோட பண்டிகைப் படமும் வகுப்புச் சுவர்ல ஒட்டியிருக்கேன், ஆனாலும் பிள்ளைங்க என்கிட்ட ஒட்டல. பெத்தவங்களும் அக்கறை காட்டுறதில்ல. போன மீட்டிங்ல ஒரு அம்மாவுக்கு பள்ளிக்கூட மொழி தெரியாதுன்னு அவங்களோட 9 வயசுப் பையனையே மொழிபெயர்க்கச் சொல்லி, அவன் படிப்புல பின்தங்குறதைச் சொன்னேன், அவங்க சும்மா தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. என்னை வளர்த்துக்க எந்த கோர்ஸ் படிக்கலாம்?

பதில்: இந்த மாதிரி கடிதம் எனக்கு அடிக்கடி வருது, எல்லாத்துலயும் சுவர்ல ஒட்டின படம் தவறாம வந்துடுது. அதை விடுங்கம்மா. அந்த 9 வயசுப் பையன் விஷயத்துக்கு வாங்க. நீங்க போற போக்குல ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, என்னால அதைத் தாண்டிப் போக முடியல.

அவனைப் பத்தின குறையை அவன் வாயாலயே அவன் அம்மாகிட்ட சொல்ல வச்சிருக்கீங்க. நீங்க சொன்னதை அவன் என்னன்னு சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா? பயத்துல மாத்திச் சொல்லியிருக்கலாம், வார்த்தை கிடைக்காம பாதியை முழுங்கியிருக்கலாம், இல்ல நீங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டு ராத்திரி முழுக்க அழுதிருக்கலாம். அந்த அம்மா காதுல என்ன விழுந்துச்சுன்னே தெரியாம அக்கறை இல்லைன்னு முடிவு கட்டிட்டீங்க. புரியாத இடத்துல, மகன் முகம் வாடுறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிற தாய் தலையாட்டாம வேற என்ன செய்வாங்க?

பின்தங்குறான்னு சொல்றீங்களே, அதையும் ஒரு தடவை யோசிங்க. புது மொழியில பேசிப் பழக பிள்ளைங்களுக்கு 2 வருஷம் போதும், ஆனா பாடப்புத்தக மொழி கைவர 5லிருந்து 7 வருஷம் ஆகும்னு ஜிம் கம்மின்ஸ்ங்கிற ஆய்வாளர் எப்பவோ சொல்லிட்டார். கூட விளையாடும்போது கடகடன்னு பேசுறானேன்னு பார்த்துட்டு பாடத்துல சோம்பேறித்தனம்னு நினைக்கிற டீச்சருங்க எவ்வளவோ பேர்.

எனக்கு நிஜமாவே கோபம் வர்றது வேற விஷயத்துக்கு. வீட்ல அவனுக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்கிற தாயை, அவன் சொன்னாத்தான் எதுவும் புரியும்ங்கிற நிலைமையில அவன் கண் முன்னாடியே உட்கார வச்சுட்டீங்க. பிள்ளை மனசுல பெத்தவங்க மதிப்பு இறங்கிப்போச்சுன்னா அப்புறம் நீங்க எவ்வளவு பாடம் நடத்தினாலும் அந்தக் குடும்பத்துக்கு அதை ஈடு கட்ட முடியாது, அதைக் காப்பாத்துறதும் டீச்சர் கடமைதான்னு நான் உறுதியா நம்புறேன். நான் மட்டும் சொல்லல, 1989ல வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோட 29வது பிரிவுலயே, பிள்ளையோட கல்வி அவன் பெத்தவங்க மேலயும் அவன் சொந்த மொழி, பண்பாடு மேலயும் மரியாதையை வளர்க்கணும்னு இருக்கு.

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்து டூசான் நகரத்துல லூயிஸ் மோல்ங்கிற கல்வி ஆய்வாளரும் அவர்கூட இருந்தவங்களும் டீச்சர்களை மாணவர் வீடுகளுக்கு அனுப்பினாங்க, 1992ல அதைப் பத்தி எழுதினாங்க. குறை சொல்லப் போகல, கத்துக்கப் போனாங்க. படிப்பில்லாத குடும்பம்னு நினைச்ச வீடுகள்ல விவசாயம், கட்டட வேலை, வைத்தியம், வியாபாரம்னு அவ்வளவு அறிவு இருந்துச்சு. ஒரு பையன் மிட்டாய் விக்கிறான்னு தெரிஞ்சதும் டீச்சர் மிட்டாயையே பாடமாக்கினாங்க, ஒரு தாய் வகுப்புக்கு வந்து செஞ்சு காட்டினாங்க. அங்க அந்தத் தாய்தான் டீச்சர், பிள்ளைங்க எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க.

நீங்க அந்த அம்மாவை மறுபடி கூப்பிடுங்க. மொழி தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தரை ஏற்பாடு பண்ணுங்க, பள்ளிக்கூடம் முடியாதுன்னா ஹெட்மாஸ்டர்கிட்ட சண்டை போடுங்க, அவனையோ அவன் அக்கா அண்ணனையோ மட்டும் நிறுத்தாதீங்க. மொழிபெயர்க்கிறவரைப் பார்க்காம அம்மா முகத்தைப் பார்த்துப் பேசுங்க. முதல்ல அவன்கிட்ட இருக்கிற நல்லது ஒண்ணைச் சொல்லுங்க (எதுவும் ஞாபகம் வரலைன்னா மீட்டிங்கை தள்ளி வச்சுட்டு அவனை ஒரு வாரம் ஒழுங்கா கவனிங்க), அப்புறம் வீட்ல அவன் எப்படி, எதுல கெட்டிக்காரன், என்ன பண்ணா அவன் பேச்சு கேப்பான்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க, அவங்க பேசட்டும்.

அந்தப் பையன்கிட்டயும் ஒரு மன்னிப்பு கேக்கணும், அது உன் வேலை இல்லப்பா, நான் உன்னை அங்க நிறுத்தியிருக்கக் கூடாதுன்னு. இதெல்லாம் முடிச்சுட்டு எழுதுங்க, எந்த கோர்ஸ்னு அப்புறம் பேசலாம்.