தானியம் வைத்தால் புறாதான் வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மார்கழி பிறந்ததும் ஆன்லைனில் பறவைக்குத் தானியம் வைக்கும் தீனிக்கூண்டு ஒன்று வாங்கி, கம்பும் தினையும் போட்டு மொட்டைமாடியில் மாட்டினேன். வீடியோவில் பார்த்ததுபோல விதவிதமாகக் குருவி வரும் என்று காத்திருந்தால், வருவதெல்லாம் புறாவும் காக்காவும்தான். எச்சம் விழுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். வேறு பறவைகள் வர வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்தக் கூண்டைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் பார்த்த வீடியோ பனி கொட்டும் ஊரில் எடுத்ததாக இருக்கும். அங்கே தரை உறைந்து புழு பூச்சி அகப்படாத நாட்களில் கைப்பிடி விதை பெரிய விஷயம். நமக்கு மார்கழி என்றால் மழை ஓய்ந்து செடிகொடி தழைத்திருக்கும் நேரம், பூச்சிக்குப் பஞ்சமில்லை. வடக்கிலிருந்து இங்கே வலசை வரும் பழுப்புக் கீச்சான், நாணல் கதிர்க்குருவி, ஆறுமணிக்குருவி எல்லாம் அதைத் தின்றுதான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உங்கள் கம்பையும் தினையையும் அவை ஏறெடுத்தும் பார்க்காது. புறாவுக்கோ ஊரெல்லாம் சாப்பாடு, நீங்கள் வேறு படியளக்க வேண்டாம்.

தண்ணீர் வையுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண்தட்டு போதும். ஆழம் 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நடுவில் ஒரு செங்கல் துண்டு. கொண்டைக்குருவி நேரே தண்ணீரில் இறங்காது. செங்கல் மேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் நோட்டம் விடும். பூனை இல்லை என்று தெரிந்தபின் இறங்கி, நெஞ்சை அமிழ்த்திச் சிறகைப் படபடவென்று அடிக்கும். துணிக்கொடியில் ஏறி ஈரம் உதறும்போது வாலுக்கடியில் இருக்கும் சிவப்பு பளிச்சென்று தெரியும். தவிட்டுக்குருவிகள் வந்தால் கூட்டமாகத்தான் வரும், சத்தத்துக்குக் கேட்கவே வேண்டாம். காலை ஏழு மணி வாக்கில் தண்ணீர்த்தொட்டி மறைவில் உட்கார்ந்து பாருங்கள். தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டு மறுபடி நிரப்புவது கட்டாயம். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அசந்தால் குருவிக்கு முன்னால் மாநகராட்சி கொசு ஒழிப்பு ஊழியர் வந்து நிற்பார்.

இட்லிப்பூ, செம்பருத்தி இரண்டு தொட்டி இருந்தால் தேன்சிட்டு வரும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

தானியம் வைத்தே தீருவேன் என்றால், பொங்கல் சந்தையில் நெற்கதிர் கட்டு வாங்கி மெல்லிய கம்பியில் தொங்கவிடுங்கள். சிட்டுக்குருவியும், சில்லை என்னும் சின்னக் குருவியும் கதிரைப் பற்றிக்கொண்டு நெல்லைக் கொத்தும். கனத்த புறாவுக்கு அப்படித் தொற்றி நிற்க வராது. ஆனால் கீழே சிந்துவதை அன்றன்றே பெருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எலி வரும். மீந்த சோறு, மிக்சர், பிரெட் எதுவும் வேண்டாம்.

கீழ்வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காய்ந்த புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். ஏற்கெனவே படிந்திருப்பதை அப்படியே பெருக்காதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டி எடுங்கள்.