ட்ரௌட் மீனுக்கு ஃப்ளை கட்ட காட்டுச்சேவல் இறகு மதுரையில் எங்கே கிடைக்கும்? அதற்கு மாற்று உண்டா?

யூடியூபில் யாரோ வெள்ளைக்காரர் தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் போலிப்பூச்சி (அதுதான் ஃப்ளை) கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், கை அரித்திருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. காட்டுச்சேவல் இறகைத் தேடாதீர்கள். தேடிப் பிடித்து வாங்கியவன் சொல்கிறேன்.

அப்பா மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ட்ரௌட் நம்மூர் மீன் இல்லை. வெள்ளைக்காரர்கள் நீலகிரியிலும் மூணாறிலும் கொண்டுவந்து விட்டது. அவருடைய துரை ஊருக்குக் கிளம்பும்போது ஒரு அலுமினிய டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பதினாறு ஃப்ளை. அப்பாவுக்கு அதில் ஆர்வமே இல்லை, தையல் ஊசி போட்டு வைத்திருந்தார். அதில் நாலு ஃப்ளையில் பக்கவாட்டில் மெழுகு சொட்டிக் காய்ந்தது போல வெளிர்மஞ்சள் புள்ளி பளபளக்கும். தண்ணீரில் அது குட்டி மீனின் கண் மாதிரித் தெரியுமாம். காட்டுச்சேவலின் கழுத்து இறகில்தான் அந்தப் புள்ளி உண்டு.

அதையே கட்டிப் பார்க்க வேண்டும் என்று பைத்தியம் பிடித்துவிட்டது. சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் மச்சான் ஒருவர், "இதுக்கா மாப்ள இம்புட்டு அலையுற?" என்று ஒரு கழுத்துத்தோலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். 1972 வனவிலங்குச் சட்டம் அப்போது எனக்குத் தெரியாது என்று எழுதலாம், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். அவர் தரும்போது அந்தச் சேவல் ஏற்கெனவே செத்திருந்தது என்று மனசுக்குச் சமாதானம் வேறு. திட்ட வருபவர்கள் திட்டிவிட்டுப் போங்கள்.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்தேன். நாலு மாதம் கழித்துத் திறந்தால் காகிதம் நிறையத் தூள். தோலை வண்டு தின்று, இறகெல்லாம் காம்போடு உதிர்ந்து கிடந்தது. அதில் நான் கட்டியது மூன்றே மூன்று ஃப்ளை. ஒரு உயிர் போய் மூன்று ஃப்ளை. இத்தனைக்கும் காட்டுப்பறவை இறகு ஏற்றுமதியை 1902-லேயே ஆங்கில அரசு தடை செய்துவிட்டது. துரைமார்களே 120 வருஷத்துக்கு முன்னால் தடை போட்ட விஷயத்துக்கு நான் பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கிறேன்.

சரி, மாற்று என்ன? கின்னிக்கோழி. கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளி இருக்கும் அல்லவா, ஒரு புள்ளி மட்டும் நிற்கிற மாதிரி நுனியை 'வி' வடிவில் வெட்டி, நிறமில்லாத நகப்பாலிஷை ரெண்டு தடவை பூசிக் காயவிடுங்கள். மஞ்சள் சாயல் வேண்டுமென்றால் புள்ளியின் மேல் ஒரு பொட்டு மஞ்சள் பாலிஷ். மகளுடைய பாட்டில், அவளுக்கு இன்னும் தெரியாது. ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால் துரையின் டப்பாவில் இருப்பதற்கும் இதற்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. மீனுக்கு என்ன தெரியப்போகிறது?

முள்ளைச் சுற்றிக் கட்டுகிற இறகுக்கு நாட்டுச்சேவல் கழுத்தே போதும். வெளிநாட்டில் 'இந்தியன் கேப்' என்று விற்றது நம்மூர்ச் சேவல் கழுத்தைத்தானே. பிராய்லர் வேண்டாம், இறகு தொளதொளவென்று இருக்கும். வயசான சேவலாகப் பாருங்கள். இறகின் இழை, முள்ளின் வாய் அகலத்தைப் போல (முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. தோலில் கொழுப்பைச் சுரண்டிவிட்டு வெண்காரத்தூள் தடவி நிழலில் காயவையுங்கள், வண்டு வராது. இதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

உடம்புக்கு மயிலிறகு இழை. தானாக உதிர்ந்த இறகை நாட்டுக்குள் வைத்திருக்கச் சட்டம் விடுகிறது, வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பக்கூடாது. கண் பகுதி இழை ஒன்றை மேசையில் வைத்து பென்சில் ரப்பரால் தேயுங்கள். பஞ்சு போய், கறுப்பும் வெளுப்புமாக வரிவரியான தண்டு வரும், கொசுவின் வயிறு மாதிரியே. சட்டென்று ஒடியும், அதனால் மேலே மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் மெல்லிய செம்புக்கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிடுங்கள்.

மயில் என்றதும் ஞாபகம் வருகிறது. திருமங்கலம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. போன ஆடியில் கடலை விதைத்த மூன்றாம் நாள் பதினெட்டு மயில் இறங்கி வரிசையாகக் கொத்தி எடுத்துவிட்டன. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தேசியப் பறவை சார், ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். செய்ய வேண்டாம், விதைக்காசையாவது யாராவது கொடுக்கலாமே? இரண்டு தடவை விதைத்தேன். வரப்பில் ஏழு இறகு பொறுக்கினேன், அவ்வளவுதான் லாபம்.

கோழிக்கடைக்குப் போனால், வெந்நீரில் முக்குவதற்கு முன்னால் கழுத்துத்தோலை உரித்துத் தரச் சொல்லுங்கள், முக்கிவிட்டால் இறகு வீண். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் கேட்டால் கடைக்காரர் எரிந்து விழுவார்.