உடை, முடி விஷயத்தில் யார் பேச்சைக் கேட்பது?

வீட்டில் ஒன்று சொல்கிறார்கள், நண்பர்கள் வேறு சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தையல்காரன். தைத்த துணியைப் போட்டுப் பார்க்கும்போது கூட வந்தவர்கள் சொல்லும் அபிப்பிராயங்களைத் தினமும் கேட்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

யார் சொன்னது என்பதைவிட, என்ன சொன்னார் என்று பாருங்கள். "நல்லா இருக்கு", "உனக்கு செட் ஆகலை" என்பதையெல்லாம் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "ஷோல்டர் தையல் எலும்பைத் தாண்டிக் கைக்கு இறங்கிவிட்டது", "கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் மேலே ஏறுகிறது" என்று ஒருவர் சொன்னால் அதைக் கண்ணாடியில் நீங்களே சரிபார்க்கலாம். இப்படி இடத்தைக் காட்டிப் பேசுகிறவர் உங்களுக்குப் பிடிக்காத ஆளாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அதிலும் ஷோல்டர் பற்றிச் சொன்னால் கட்டாயம் கேளுங்கள். இடுப்பு, நீளமெல்லாம் சுலபமாகப் பிடித்துக்கொடுத்துவிடலாம். ஷோல்டரைத் திருத்தினால் சட்டைக் கையையே பிரித்துத் தைக்க வேண்டிவரும்.

நெருங்கியவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அவர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் பழகிய முகத்தைத் தேடுவார்கள். 1977-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒருவரின் புகைப்படத்தையும், அதையே இடவலம் மாற்றிய இன்னொரு படத்தையும் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவது போன்ற படத்தையே விரும்பினார்கள். அவர்களின் நண்பர்கள் நேரில் தெரியும் படத்தைத் தேர்ந்தார்கள். எது கண்ணுக்குப் பழகியதோ அது அழகு, அவ்வளவுதான். அதனால் முடி வெட்டிய அன்றே அம்மா முகம் சுளித்தால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் அதையே சொன்னால் அப்போது யோசிக்கலாம்.

விற்கிறவர் சொல்வது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. (நானும் விற்கிறவன்தான், தெரியும்!)

முன்பின் தெரியாதவர்களைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கூச்சப்பட வைக்கும் ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டிருந்தவர்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வேலைக்கான நேர்காணல் மாதிரி குறிப்பிட்ட இடத்துக்கு உடுத்துவதாக இருந்தால், அதே துறையில் இருக்கும் ஒருவரைக் கேளுங்கள். அவருடைய ரசனை எப்படியோ இருக்கட்டும், அங்கே எது உறுத்தும் என்பது அவருக்குத் தெரியும். போட்டோ அனுப்பிக் கேட்பதானால் முகத்துக்கு நெருக்கமாக செல்ஃபி எடுத்து அனுப்பாதீர்கள். அதில் மூக்கு பெரிதாகவும் உடம்பு சிறியதாகவும் தெரியும். யாரையாவது சில அடி தள்ளி நின்று, நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

நான் கேட்பது என் அக்காவிடம். எங்கள் இருவர் ரசனையும் ஒத்தே போகாது; நான் எடுக்கும் கட்டம் போட்ட துணி எதுவும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் "எனக்குப் பிடிக்கலை, ஃபிட்டிங் சரியாத்தான் இருக்கு" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்வாள். அப்படி ஒருவர் உங்களுக்கும் இருந்தால் முதலில் அவரிடம் போய்க் காட்டுங்கள்.