கேள்வி – பதில்: பட்டை இல்லாத சிங்கமும் தென்மாநிலச் சிலுவையும்

சில ஆர்ப்பாட்டங்களில் பச்சை, செம்மஞ்சள் பட்டைகள் இல்லாத சிங்கக்கொடியைப் பிடிக்கிறார்கள். கேட்டால் "கண்டி மன்னனின் கொடி, எங்கள் வரலாறு" என்கிறார்கள். பழைய கொடியைப் பிடிப்பதில் என்ன பிழை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

சிங்கத்தைச் சுற்றியுள்ள நான்கு மூலைகளையும் முதலில் பாருங்கள். அங்கே அரசிலைகள் இருந்தால் அது பழைய கொடியே அல்ல. பட்டைகள் சேர்ந்தது 1951இல். அரசிலைகள் வந்தது 1972இல், குடியரசு யாப்போடு. அரசிலையும் இருந்து பட்டையும் இல்லாத கொடி எந்த மன்னன் காலத்திலும் பறக்கவில்லை, எந்த அரசாங்கமும் அதை ஏற்றவில்லை. இன்றைய தேசியக்கொடியிலிருந்து தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகங்களின் பங்கை வெட்டியெடுத்த துணி அது. 2015 ஏப்ரலில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் முன்னால் பட்டையில்லாக் கொடி தூக்கப்பட்டபோது விவகாரம் பொலிஸ் விசாரணை வரை போனது.

மூலைகளில் அரசிலை இல்லை, வேறு அலங்காரம் இருக்கிறது என்றால், அது 1948இல் சுதந்திரத்தின்போது ஏற்றிய கொடியைப் பார்த்துச் செய்ததாக இருக்கலாம். அப்போதும் "எங்கள் வரலாறு" என்பவரிடம் கேட்க நிறைய உண்டு. கண்டிச் சிங்கக்கொடியின் கீழ் கடைசியாக ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன். 1832இல் வேலூர்ச் சிறையிருப்பில் இறந்தவன். 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோன கொடி லண்டன் செல்சி மருத்துவமனையில் இருப்பதை வெளிக்கொண்டு வந்தவர் ஈ. டபிள்யூ. பெரேரா. சுதந்திர இலங்கைக்கு அதையே கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவரோ மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை, ஒரு முஸ்லிம்.

அதன்பிறகே தேசியக்கொடி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம், டீ. பி. ஜாயா, செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் அதில் இருந்தார்கள். நடேசன் அறிக்கையில் ஒப்பமிடவில்லை. பட்டைகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்ற குறை அன்றே எழுந்தது. இன்றும் தமிழர் பலருக்கு அந்தக் குறை உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் வெளியே நிறுத்தியது போதாது என்று அழித்தும் விடுவது வேறு சங்கதி. 1951 மார்ச் 2இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டையே வேண்டாம் என்று சொல்வது அது.

சட்டத்தில் பிடிமானம் எங்கே? யாப்பின் 6ஆம் உறுப்புரை, இரண்டாம் அட்டவணையில் உள்ள சிங்கக்கொடியே தேசியக்கொடி என்கிறது. அரச கட்டடத்தில் வேறொன்று பறந்தால் அந்த உறுப்புரையே போதும். தனியார் கையில் என்றால், கொடியோடு சேர்ந்த பேச்சும் கோஷமும் முக்கியம்: இன, மத வெறுப்பைத் தூண்டுவதை 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சீ.சீ.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுக்கிறது.

முறையிட முன் ஒரு எச்சரிக்கை. பட்டைகள் கம்பத்தின் பக்கம் இருப்பவை. காற்று இல்லாத நேரத்தில் துணி சுருங்கி, அவை மடிப்புக்குள் போய்விடும். அப்படி எடுத்த ஒரு படத்தைப் பரப்பிவிட்டுப் பிறகு வெட்கப்படக் கூடாது. கொடி முழுதாக விரிந்த படம், மூலைகள் தெரியும் படம், இடமும் நேரமும் தெரியும் படம், மூன்றும் வேண்டும். கோஷம் கேட்கும் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

அமெரிக்காவில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியை இன்னும் வீட்டு வாசலில் கட்டுகிறார்களாம். ஏன் தடை செய்யவில்லை?
– வாசகி, வெள்ளவத்தை

தனியாரைத் தடுக்க, பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் அந்த நாட்டு யாப்பின் முதலாம் திருத்தம் விடாது. அரசாங்கம் எதைத் தன் பெயரில் காட்டுகிறது என்பது வேறு கணக்கு. வாகன இலக்கத் தகட்டில் அந்தக் கொடியைப் போட டெக்சாஸ் மறுத்தது. தகடு அரசின் பேச்சு, மறுக்கலாம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2015 ஜூன் 18இல் 5–4 என்று தீர்த்தது. அதற்கு முதல் நாள்தான் சார்ள்ஸ்டன் தேவாலயத்தில் 9 கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அப்போது தென் கரோலைனா சட்டசபை வளவில் தேசிய, மாநிலக் கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின. இந்தக் கொடி உச்சியிலேயே நின்றது. கம்பத்தில் இறக்கி ஏற்றும் கப்பியே இல்லை. தொடுவதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும். அந்த வாக்கு கிடைத்து, ஜூலை 10இல் இறக்கினார்கள். மிசிசிப்பி தன் மாநிலக் கொடியின் மூலையிலிருந்து அதை 2020இல்தான் எடுத்தது.

"முன்னோர் நினைவு" என்பவர்களிடம் கேட்க வேண்டியது, எப்போது ஏற்றினீர்கள் என்பதுதான். போர் முடிந்தது 1865இல். தென் கரோலைனா அதைச் சட்டசபை மாடத்தில் ஏற்றியது 1961இல். ஜோர்ஜியா மாநிலக் கொடியில் சேர்த்தது 1956இல். பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்ற 1954 தீர்ப்புக்கும் கறுப்பினத்தவரின் சமவுரிமைப் போராட்டத்துக்கும் நடுவில் வந்த தேதிகள் இவை.

பாடசாலைக் கண்காட்சியில் சர்ச்சைக்குரிய கொடிகளை வைக்க மாணவர் விரும்புகிறார்கள். எப்படி வைப்பது?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

கம்பத்தில் வேண்டாம். கம்பத்தில் இருந்தால் ஏற்றியதாகிவிடும். பலகையில் தட்டையாக, ஏ3 அளவில் அச்சிட்டு, "மாதிரி" என்று எழுதி வையுங்கள். யார், எந்த ஆண்டு, எங்கே ஏற்றினார்கள், யார் எதிர்த்தார்கள், எப்போது இறக்கப்பட்டது என்ற ஐந்தும் விளக்கச் சீட்டில் இருக்கட்டும். எதிர்த்தவர்களின் படமும் அதே பலகையில் வரவேண்டும்.

இணையப் படத்தை அப்படியே எடுத்தால் பிழை வரும். நீலச் சாய்சிலுவையும் 13 நட்சத்திரங்களும் கொண்டது தென்மாநிலங்களின் தேசியக்கொடி அல்ல, வட வர்ஜீனியாப் படையின் போர்க்கொடி, அது சதுரம். அவர்களின் முதல் தேசியக்கொடி அமெரிக்கக் கொடியைப் போலவே இருந்ததால் 1861 மனாசஸ் போரில் குழப்பம் வந்து, அதற்காகச் செய்த கொடி அது.

வீட்டிலிருந்து பழைய துணிக்கொடி எவராவது கொண்டுவந்தால் ஊசி குத்தாதீர்கள், பசை நாடா ஒட்டாதீர்கள். வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக்கூடாது; ஜன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம். வெளுத்த சாயம் திரும்பாது. தடைசெய்யப்பட்ட இயக்கங்களின் சின்னம் என்றால், எண்ணம் எவ்வளவு நல்லதானாலும், சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். பொலிஸுக்குப் பதில் சொல்லப்போவது மாணவர் அல்ல, நீங்கள்.

ஜேர்மனியில் இருக்கும் மகன், வீட்டுப் பூசையறையில் சுவஸ்திகா போட்டால் பிடிப்பார்களா என்று கேட்கிறான்.
– வாசகர், தெஹிவளை

இல்லை. அங்கே குற்றவியல் சட்டம் 86அ பிரிவு தடுப்பது நாசிக் கட்சி போன்றவற்றின் சின்னத்தை. சமயச் சின்னத்தை அல்ல. வெள்ளை வட்டம், சிவப்புப் பின்னணி, கறுப்பு நிறம், 45 பாகை சரிவு ஆகியவை சேர்ந்து வராமல் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளில், நேராக, புள்ளிகளோடு போடட்டும். காரின் பின்கண்ணாடியில் ஒட்டுவதை மட்டும் விட்டுவிடலாம்; தெருவில் பார்ப்பவர் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.