பத்து மொளகு

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் மதுரை. போன தையில் மார்த்தாண்டம் பக்கம் பெண் எடுத்தேன். விருந்துக்குப் போன நாலாம் நாள், மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்த மாமி, "மக்களே, பின்னால போயி பத்து மொளகு பறிச்சிட்டு வாருங்க" என்றார். பலா மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருப்பதை வந்த அன்றே பார்த்து வைத்திருந்தேன். ஏணி போட்டு ஏறி, சரத்திலிருந்து எண்ணிப் பத்து மணிகளைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். வீடே சிரித்தது. "இது நல்லமொளகுல்லா! நான் கேட்டது பச்ச மொளகு."

பச்சை மிளகாயைத்தான் சொல்லியிருக்கிறார். இது மலையாளப் பாதிப்பா? மிளகு நல்ல மிளகு என்றால், மிளகாய் கெட்ட மிளகா?

சு., மதுரை

அன்புள்ள சு.,

ஏணி வரைக்கும் போய்விட்டீர்கள்! பரவாயில்லை, இந்த விஷயத்தில் உங்களைவிடப் பெரிதாகத் தடுமாறியவர் கொலம்பஸ். மிளகு விளையும் நாட்டைத் தேடி 1492இல் மேற்கே கிளம்பியவர் கரீபியத் தீவுகளில் போய் இறங்கினார். அங்கே மிளகு கிடையாது, மிளகாய் இருந்தது. அது அந்த ஊர் மிளகு, நம் மிளகைவிட மதிப்புள்ளது என்று 1493 ஜனவரியில் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஸ்பானிய மொழியில் இன்றும் மிளகு 'பிமியென்தா', மிளகாய் 'பிமியென்தோ'. இரண்டு செடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிளகாய்க்குப் பங்காளிகள் கத்தரியும் தக்காளியும்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் அதை இங்கே கொண்டுவந்தார்கள். மிளகுக்கு மலையோர மழை வேண்டும், நிழல் வேண்டும், ஏற ஒரு மரம் வேண்டும். மிளகாய்க்குப் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போதும். விலை கொடுத்து மிளகு வாங்க முடியாதவன் வீட்டுக் குழம்பும் காரமானது அப்புறம்தான்.

வந்த காய்க்குப் பெயர் வேண்டுமே. நாம் மிளகோடு 'காய்' ஒட்டி மிளகாய் என்றோம். மலையாளத்தில் அந்த ஒட்டுகூட இல்லை, முளகு என்றாலே மிளகாய். உங்கள் மாமியார் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, அதனால் பாதிப்பு என்பது பாதி சரி. ஆனால் கன்னடத்திலும் மிளகு 'ஒள்ளெ மெணசு'தான். ஒள்ளெ என்றால் நல்ல. புதியவன் பெயரைப் பிடுங்கிக்கொண்டதும் பழையவனுக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே இங்கே 'நல்ல' என்றால் அசல். கெட்டதற்கு எதிர்ப்பதம் இல்லை. மதுரையிலும் இது உண்டு, அடுப்படியில் பாருங்கள். எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காயில் ஆட்டியதும் கடலையில் ஆட்டியதும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட பிறகு, எள்ளில் ஆட்டியது 'நல்ல' சேர்த்து நல்லெண்ணெய் ஆகிவிட்டது. எள்ளெண்ணெய் என்று சொன்னால் எள்ளை இரண்டு தடவை சொன்ன கணக்கு!

மிளகுக்காக ரொம்பப் பரிதாபப்படவும் வேண்டாம். 'பெப்பர்' என்ற அதன் ஆங்கிலப் பெயர் திப்பிலியிடமிருந்து அடித்தது. சமஸ்கிருதத்தில் திப்பிலிக்குப் 'பிப்பலி' என்று பெயர். அது கிரேக்கத்தில் 'பெபெரி'யாகி, லத்தீனில் 'பிப்பெர்' ஆனது. கடைசியில் மிளகு அதைச் சொந்தமாக்கிக்கொள்ள, திப்பிலியை ஆங்கிலத்தில் இன்று 'நீள மிளகு' என்கிறார்கள். பெயரைப் பறிகொடுத்த திப்பிலிக்கு 'நல்ல' என்ற அடைமொழிகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை போகும்போது அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்குதான்) காந்தாரி மிளகுச் சம்மந்தியும் (குட்டி மிளகாயில் அரைத்த துவையல்) கேட்டுச் சாப்பிடுங்கள். கிழங்கும் மிளகாயும் மேற்கேயிருந்து கப்பலில் வந்த கூட்டு. காந்தாரி பறிக்கச் சொன்னால் ஏணி வேண்டாம், இடுப்புயரச் செடிதான்.