காரைக்குடி மாதிரி ஊர்களின் பழம்பொருள் கடைகளில் நல்ல நாணயங்கள் இன்னும் கிடைக்குமா? எப்படித் தேடுவது?

கிடைக்கும். கேள்வியிலேயே காரைக்குடி வந்துவிட்டதால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன், நான் அதிகம் அலைந்ததும் அங்கேதான்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போயிருந்தால் தெரியும், வரிசையாகப் பழைய சாமான் கடைகள். தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பித்தளைப் பூட்டு, ரவிவர்மா படம், பீங்கான் ஜாடி என்று வாசல் வரை குவிந்து கிடக்கும். இதில் பெரும்பகுதி சுற்றுவட்டாரச் செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போதும் பங்கு வைக்கும்போதும் வெளியே வந்தது. நாணயங்களும் அதே வழியில்தான் வருகின்றன. யாரோ ஒரு ஆச்சி அஞ்சறைப் பெட்டியிலோ இரும்புப் பெட்டியின் மூலையிலோ போட்டு வைத்திருந்த சில்லறை, சாமானோடு சாமானாக மூட்டையில் ஏறி வந்துவிடும். ஆகவே கடைக்குள் நுழையும் முன் நீங்கள் யோசிக்க வேண்டியது, இந்த ஊர்க்காரர்கள் கையில் ஒரு காலத்தில் எந்தப் பணம் புழங்கியது என்பதைத்தான். பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதில்லை. எங்கேயோ பார்த்த 'டாப் 10 அரிய நாணயங்கள்' பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு வந்து '1939 ரூபாய் இருக்கா' என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போய்விடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெளிநாட்டுக் காசு கிடந்திருக்கும்.

அந்த டப்பாதான் காரைக்குடியின் விசேஷம். நகரத்தார் கொண்டுவிற்கப் போன ஊர்கள் எல்லாம் அதில் இருக்கும். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் பகுதி) காலத்துச் சதுர ஒரு சென்ட், பனை மரம் போட்ட இலங்கைச் செப்புக் காசு (அதில் தமிழ் எழுத்தும் இருக்கும், தேய்ந்திருந்தாலும் தடவிப் படித்துவிடலாம்), பிரெஞ்சு இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம் பக்கம்) பெரிய வெள்ளிப் பியாஸ்டர், எப்போதாவது இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான் அங்கே வெளியிட்ட வாழை மரம் போட்ட நோட்டு. இவற்றில் பாதி உலகச் சந்தையில் சாதாரணக் காசுதான், விலையும் குறைவு. ஆனால் லேவாதேவிக் கடையில் ஏஜண்டாகவோ அவருக்கு உதவியான அடுத்தாளாகவோ இருந்தவர் ஊர் திரும்பும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடிய காசு அது. அந்தப் பகுதியிலேயே அதைக் கண்டெடுப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம், ஏலத்தில் அட்டை போட்டு சீல் வைத்து வரும் நாணயத்தில் இல்லை.

பர்மாவின் மயில் காசு கிடைத்தால் விடாதீர்கள். மிண்டோன் மன்னர் காலத்து வெள்ளிக் காசு, தோகை விரித்த மயில் ஒரு பக்கம். அதில் எந்தக் காசை எடுத்தாலும் பர்மிய ஆண்டு 1214 என்றே இருக்கும், அதாவது 1852. மாண்டலேயில் நாணயச் சாலை ஓடத் தொடங்கியதே 1865-இல்தான், ஆனாலும் காசில் பழைய ஆண்டையே போட்டுக்கொண்டு போனார்கள். அதில் பெரிய காசின் எடை நம் வெள்ளி ரூபாயின் எடையேதான். நகைக்காக வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், நிறைய மயில் காசு பொத்தானாகவும் பதக்கமாகவும் மாறியவை. தடம் இருந்தால் விலை நன்றாகக் குறைய வேண்டும்.

ஆனால் அந்தத் தெருவில் என் கண் முதலில் தேடுவது அம்மன் காசைத்தான். புதுக்கோட்டை பக்கத்து ஊர். தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானம், 1948 வரை தனியாக இருந்தது, தனக்கென்று ஒரு சின்னச் செப்புக் காசும் வைத்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் பிரகதாம்பாள் (தொண்டைமான்களின் குலதெய்வமான அம்மன்), மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. தமிழ்நாட்டு நடுவில் தெலுங்கு எப்படி என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள், இதை ஆந்திராக் காசு என்று தனியாக ஒதுக்கி வைத்த கடைக்காரரையே பார்த்திருக்கிறேன். இதில் இரண்டு வகை உண்டு. கையால் அடித்தது தடிமனாக, ஓரம் கோணலாக, அம்மன் பாதி தகட்டுக்கு வெளியே போனது போல இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து வந்தவை சுத்தமான வட்டம், எழுத்தும் திருத்தமாக இருக்கும். கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயில் சாய்வாக விழும்படி உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரிவது, சாய்த்ததும் மடித்த காலும் தூக்கிய கையுமாக அம்மனாக எழும்பும். நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. எத்தனை குடும்பங்கள் அதைச் செலவழிக்காமல் பூஜை அலமாரியில் வைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், இவ்வளவு சின்னக் காசு இவ்வளவு நல்ல நிலையில் இன்னும் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். கடைக்காரருக்கு இது சில்லறைதான், எடைக்குப் போட்டாலும் ஒன்றும் தேறாது, அதனால் விலையும் கட்டுப்படியாகும்.

இப்போது வெள்ளி ரூபாய். எல்லாக் கடையிலும் இருக்கும், எல்லோரும் வாங்குவதும் அதுதான், ஏமாறுவதும் அதில்தான். கடைக்காரர் அன்றைய வெள்ளி விலையை வைத்து ஒரே ரேட் சொல்வார். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அதே எடைதான், ஆனால் பாதிதான் வெள்ளி. போர்க்காலம், வெள்ளித் தட்டுப்பாடு. இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கினால் யாருக்கு நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஆண்டு தேய்ந்து போயிருந்தால் விளிம்பைப் பாருங்கள், பாதி வெள்ளி ரூபாயின் விளிம்பில் பெரும்பாலும் வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

1911 ரூபாய் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் கழுத்துச் சங்கிலியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி மாதிரி தெரிந்ததால் எதிர்ப்பு வந்து, 1912-இல் அச்சையே திருத்தினார்கள். அடித்ததில் சிறு பகுதிதான் புழக்கத்துக்குப் போனது, மற்றவை உருக்கப்பட்டன. கிடைத்தால் நல்லதுதான், ஆனால் கிடைக்காத பொருள் இல்லை. 1939 வேறு கதை. அது உண்மையிலேயே அரிது, 1938-ஐச் சுரண்டி 9 ஆக்கிய போலிகளும் சுற்றுகின்றன, பழம்பொருள் கடையில் அதை வாங்கவே வாங்காதீர்கள்.

போலி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்று எழுதி, 1818 என்று ஆண்டு போட்டு, அனுமன் அல்லது ராமர் பட்டாபிஷேகம் அச்சடித்த பெரிய செப்புக் காசுகள் எல்லா ஊர்க் கடையிலும் இருக்கும். கம்பெனி அப்படி ஒரு அணா நாணயம் அடித்ததே இல்லை. 'அரிசியை இழுக்கும், சக்தி வாய்ந்தது' என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் முழு மோசடிக்காரர்கள். அதே போல, வீட்டில் இருக்கும் பழைய நாணயத்தை லட்சங்களுக்கு வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகள். ரிசர்வ் வங்கியே 2021-இல் தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த ஏமாற்று பற்றி எச்சரிக்கை விட்டது. இதில் பணம் இழக்கிறவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள், எனக்கு இது மனதை மிகவும் வருத்துகிற விஷயம், தயவுசெய்து வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. பத்து மடங்கு காட்டும் ஒரு லென்ஸ், கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம். வார்ப்பில் செய்த போலியில் லென்ஸ் வைத்தால் குட்டிக் குட்டிக் குமிழித் துளைகளும், விளிம்பில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடும் தெரியும். தராசை எடுத்தால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று கூச்சப்பட வேண்டாம், 'அண்ணே, எடை போட்டுப் பாத்துக்கிறேன்' என்று சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் தப்பாக எடுப்பதில்லை. டப்பாவை முழுதாகக் கொட்டிப் பார்க்கவும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் நீங்களே அள்ளிப் போட்டு வையுங்கள். அடுத்த முறை போகும்போது 'தம்பி, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்' என்று உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் வரும். நல்ல காசெல்லாம் அப்படித்தான் கைக்கு வருகிறது, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பது வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்துக் கழித்தது.

வாங்கிய பிறகு செய்யக் கூடாதது ஒன்று: புளி போட்டுத் தேய்ப்பது. விபூதி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்கிற வேலையை நாணயத்துக்குச் செய்தால், மேல்பரப்பில் படிந்த நிறம் போய், மெல்லிய கீறல்கள் விழுந்து, சேகரிப்பாளர் எவரும் தொடாத பொருளாகிவிடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். செம்பில் வெளிர் பச்சைத் தூளாகக் களிம்பு உதிர்ந்தால் அதை மற்ற காசுகளோடு சேர்த்து வைக்காதீர்கள். மலிவான பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம், நாள்பட ஒட்டும் பிசினாக மாறிக் காசையே கெடுக்கும். சின்னக் காகித உறை போதும், அதன் மேல் எங்கே, எப்போது, எந்த வீட்டுச் சாமானோடு வந்தது என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். காசைப் பற்றிப் புத்தகத்தில் கிடைக்காத தகவல் அது ஒன்றுதான்.

கடைசியாகச் சட்டம். ஆற்று மணலிலோ வயலிலோ தோண்டி எடுத்தது என்று சொல்லி யாராவது ராஜராஜன் காசையோ சங்ககாலச் சதுரக் காசையோ கொத்தாகக் காட்டினால் நான் வாங்குவதில்லை. புதையலாகக் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு: கொத்தாக ஒரே இடத்தில் கிடந்த காசுகளைப் பிரித்து விற்றுவிட்டால், எந்த மண்ணில், எதனோடு கிடந்தது என்ற சேதி அழிந்துபோகிறது, அதை யாராலும் திரும்பக் கட்டியெழுப்ப முடியாது. நீங்கள் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இன்னொன்று: நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது, அதை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. அம்மன் காசும் மயில் காசும் அதில் அடங்கும். வாங்குவதாக இருந்தால் ரசீது கேட்டு வாங்கி, ஊரில் உள்ள உறவினர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சதுர சென்ட்டில் 1939 முதல் மலாயா பெயரில் வந்தவை நூறு வருடத்துக்கு உட்பட்டவைதான்.